தாளைக் கேட்டவர்கள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1997இல் ஜெய்ப்பூரில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லித் தொடங்குகிறேன். ராஜஸ்தான் கிராமங்களிலிருந்து வந்த கூலித் தொழிலாளிகளும் விவசாயிகளும் மே மாதத்து வெயிலில் தர்ணா உட்கார்ந்தார்கள். ஊராட்சிக் கணக்குகளின் ஜெராக்ஸ் நகல் வேண்டும். அவர்கள் கேட்டது அவ்வளவுதான். 53 நாள் ஓடியது. முடிவில் மாநிலத்தின் துணை முதலமைச்சர் ஒரு செய்தி சொன்னார்: நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று அரசிதழில் ஆணை வெளியாகி ஆறு மாதமாகிறது! அந்த ஆறு மாதமும் ஊராட்சிக்காரர்களுக்குத் தெரியாது, போராடியவர்களுக்குத் தெரியாது, பத்திரிகைக்காரர்களுக்கும் தெரியாது. கணக்கை மறைக்கக் கூடாது என்று போட்ட ஆணையையே மறைத்து வைத்திருந்தார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். வருவாய்த்துறையில் காலம் தள்ளியவன் நான். எனக்கு இதில் ஆச்சரியம் கொஞ்சமும் இல்லை. ஓர் ஆணை அச்சாவதற்கும் அது பிரிவு எழுத்தரின் மேசைக்கு வந்து சேர்வதற்கும் இடையில் எத்தனை பீரோக்கள் இருக்கின்றன என்பது உள்ளே இருந்தவனுக்குத்தான் தெரியும்.

ஜெராக்ஸ் நகலுக்காக ஏன் 53 நாள் வெயிலில் உட்கார வேண்டும்? அதைப் புரிந்துகொள்ள அந்த ஊர்களில் கூலி எப்படிக் கணக்கிடப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

ராஜசமந்த் மாவட்டத்தில் தேவ்டுங்ரி என்று சின்ன ஊர். 1987இல் அருணா ராயும் நிகில் டேயும் சங்கர் சிங்கும் அங்கே ஒரு மண் வீட்டில் குடியேறினார்கள். அருணா ராய் நம் சென்னையில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். வேலையை எழுபதுகளிலேயே விட்டவர். மழை பொய்க்கும் பூமி அது. பஞ்ச நிவாரண வேலை என்று அரசு குளம் வெட்டும், ரோடு போடும். வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். நாள் முழுக்க மண் சுமந்துவிட்டுச் சம்பளத்தன்று வரிசையில் நின்றால், அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி கைக்கு வராது. ஏன் என்று கேட்டால் ஓவர்சியரிடம் ஒரே பதில்: "நீங்கள் வேலையே செய்யவில்லை."

அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. தாளைப் பார்த்துத்தான் சொன்னார். இப்படிப்பட்ட வேலைகளில் கூலி நாளுக்கு இவ்வளவு என்று நேராக வருவதில்லை. வெட்டிய குழியின் நீளம், அகலம், ஆழம் அளக்கப்படும். அந்த அளவு எம் புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில் ஏறும். அதிலிருந்து இத்தனை கன அடி மண், அதற்கு இவ்வளவு கூலி என்று பிரியும். யார் யார் எத்தனை நாள் வந்தார்கள் என்பது மஸ்டர் ரோலில் இருக்கும். மஸ்டர் ரோலில் வராத ஆள் நாலு பேரைச் சேர்த்துவிட்டால் அவர்கள் கூலி ஒருவர் பைக்குப் போகும். குழியின் அளவு மாறாது. ஆகவே மொத்த மண்ணைக் கூடுதல் தலைகளால் வகுக்கும்போது நிஜமாக வேலை செய்தவள் சோம்பேறி ஆகிவிடுவாள். இல்லாத ஆளின் கூலி இருக்கிற ஆளின் முதுகிலிருந்து எடுக்கப்படுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் இந்தக் கணக்கின் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த இரண்டு நோட்டையும் காட்டு என்றார்கள். அரசு இரகசியம், காட்ட முடியாது என்று பதில் வந்தது.

குளம் வெட்டிய கணக்கில் என்ன ராணுவ இரகசியம் என்று கேட்கலாம். 1923ஆம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டம் வெள்ளைக்காரன் போட்டது. உளவாளிகளைப் பிடிக்கத்தான் போட்டான். ஆனால் அதன் ஐந்தாம் பிரிவு பரந்த வலை. அலுவலகத்தில் கையில் கிடைத்த தாளை அனுமதியில்லாமல் வெளியே கொடுத்தாலே குற்றம் என்று எந்தக் குமாஸ்தாவும் பயப்படும்படி எழுதப்பட்டது. வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தப் பயம் பணியில் தொடர்ந்தது, பதவி உயர்வோடு.

1990 மே தினத்தன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு உருவானது. 1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டம் கோட் கிரானாவில் முதல் ஜன் சுன்வாயி நடந்தது. மக்கள் மன்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்தவெளியில் பந்தல், ஒரு மைக், கையில் மஸ்டர் ரோலின் பிரதி. அப்போது சட்டம் எதுவும் கிடையாது. மனசாட்சியுள்ள அதிகாரி ஒருவர் பார்க்கவிட்டதால் கிடைத்த பிரதி. பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார்கள். வாசிக்க வாசிக்கக் கூட்டத்திலிருந்து குரல் வந்தது: அவர் செத்துப்போய்விட்டாரே, இவர் பிழைக்க வெளியூர் போய் வருஷக்கணக்கில் ஆகிறதே, நான் அந்தப் பக்கமே போகவில்லையே. கட்டி முடித்ததாகக் கணக்கெழுதிய கட்டடம் அரைகுறையாகக் கண்முன்னால் நின்றது.

அந்தக் கூட்டத்தில் புதிதாக எந்த உண்மையும் வெளிவரவில்லை என்பதைக் கவனியுங்கள். செத்தவர் செத்தது ஊருக்குத் தெரியும். கட்டடம் முடியாததும் தெரியும். ஊருக்குத் தெரியாதது ஒன்றுதான்: அரசாங்கத்தின் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது. தாளையும் ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடன் திருட்டு தானாகத் தெரிந்தது. தணிக்கை அதிகாரி பார்த்தால் அகப்படாது. அவர் ஒரு தாளை இன்னொரு தாளோடுதானே ஒப்பிடுவார்? இரண்டையும் எழுதியவன் ஒருவனே.

1996 ஏப்ரலில் பியாவர் நகரத்தில் 40 நாள் தர்ணா. நம் பணம், நம் கணக்கு என்பது அவர்கள் கோஷம். கடைக்காரர்கள் காய்கறி தந்தார்கள், கிராமத்து வீடுகளிலிருந்து தானியம் வந்தது, 'ஜன்சத்தா' ஆசிரியர் பிரபாஷ் ஜோஷி போன்ற பெரிய பத்திரிகையாளர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அரசு கொஞ்சம் இறங்கி, பார்க்கலாம், ஆனால் ஜெராக்ஸ் கிடையாது என்றது. அதை ஏற்க மறுத்து எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள் பாருங்கள், அங்கேதான் அந்த மக்களின் கூர்மை தெரிகிறது. பார்த்ததை நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். சான்றிட்ட நகலை அப்படிச் சொல்ல முடியாது. பார்ப்பது சலுகை, நகல்தான் சாட்சி. கிராமத்துப் பெண்களுக்கு இது விளங்கியது. படித்த நம்மில் பலருக்கு இன்றைக்கும் விளங்கவில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அதே 1997இல், ஜெய்ப்பூரில் அவர்கள் வெயிலில் இருந்த வருஷத்தில், தமிழ்நாடு சட்டமன்றம் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. இந்தியாவிலேயே முதல் மாநிலம் நாம்தான். பெருமைப்படலாம், ஆனால் உரக்க வேண்டாம். 22 விதிவிலக்குகளோடு வந்த சட்டம் அது. கதவைச் செய்து நிறுத்திவிட்டு அதில் 22 தாழ்ப்பாள் போட்டால் யார் திறப்பார்கள்? அந்தச் சட்டப்படி ஒரு மனு வந்து நான் பார்த்ததாக நினைவில்லை. கீழேயிருந்து கேட்டு வாங்காத சட்டம் மேலேயிருந்து வந்தால் அரசிதழோடு நின்றுவிடுகிறது. 2002இல் நாடாளுமன்றம் தகவல் சுதந்திரச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. அது நடைமுறைக்கே வரவில்லை. கடைசியில் 2005 ஜூனில் ஒப்புதல் பெற்று அக்டோபர் 12ஆம் தேதி முழுமையாக அமலுக்கு வந்ததுதான் இப்போதுள்ள தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. எதற்காகக் கேட்கிறாய் என்று அவர் கேட்கக் கூடாது. 30 நாளில் பதில். உயிர், சுதந்திரம் பற்றியதானால் 48 மணி நேரம். பதில் இல்லையென்றால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலர், அதற்கும் மேலே தகவல் ஆணையம். காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய், சொந்தச் சம்பளத்திலிருந்து. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. தெரியாதவர்களுக்கு வெளியே மேசையில் நோட்டீஸ் இருக்கிறது. அதில் நேரத்தைச் செலவிடப் போவதில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. ஓய்வு பெற்ற பிறகு மனு எழுதித்தரச் சொல்லிப் பலர் வருகிறார்கள். கொண்டுவரும் வரைவுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும்: "என் மனு ஏன் நிராகரிக்கப்பட்டது? எங்கள் தெருவுக்கு ஏன் ரோடு போடவில்லை? இதற்கு யார் பொறுப்பு?" நியாயமான கேள்விகள். ஆனால் 2008இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு, ஏன் என்ற கேள்விக்குக் காரணம் கண்டுபிடித்துச் சொல்வது தகவல் அலுவலரின் வேலை இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டது. தாளில் இருப்பதைத் தந்தால் போதும். இல்லாததை உருவாக்கித் தர வேண்டாம் என்று 2011இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அது மாணவர்கள் தங்கள் விடைத்தாளைப் பார்க்கும் உரிமையைத் தந்த வழக்கு. இடம் கிடைக்காமல் பின்னால் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகள் குறித்துக்கொள்ளலாம். ஆகவே ஏன் என்று கேட்டால், "தாங்கள் கோருவது சட்டத்தின்படி தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். மனு போட்டவர் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

கேள்வி கேட்காதீர்கள், தாளைக் கேளுங்கள். தெருவில் போட்ட சிமெண்ட் ரோடு ஒரு மழைக்கே பெயர்ந்துவிட்டதா? மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், எம் புக்கின் பக்கங்கள், பில், பணி நிறைவுச் சான்று. ஐந்தும் வந்தால் ஏன் என்பதற்கான விடை உங்கள் கையில். எத்தனை கன மீட்டர் கான்கிரீட் கொட்டியதாக எழுதியிருக்கிறதோ அதைத் தெருவின் நீள அகலத்தால் வகுத்தால் ரோட்டின் கனம் வரும். ஓரத்தில் உடைந்த இடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் அதற்கும் மேலே போகிறது. போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியையே எடுத்துத் தரச் சொல்லலாம், இரண்டாம் பிரிவிலேயே இருக்கிறது. இந்த உரிமையைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. சிமெண்ட் ரோட்டின் ஒரு துண்டை அலுவலக முத்திரையோடு வாங்கி வீட்டு அலமாரியில் வைத்திருப்பவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஒப்பந்ததாரர் அவருக்கு இப்போது வணக்கம் வைக்கிறார்.

இன்னொரு தாள் இருக்கிறது, இதைவிட வலுவானது. நீங்கள் கொடுக்கும் எந்த மனுவும் தபால் பிரிவில் முத்திரை குத்தப்பட்டுப் பிரிவு எழுத்தரிடம் போகும். அவர் அதைத் 'தன் பதிவேடு' என்ற பதிவேட்டில் ஏற்றி ந.க. எண் போடுவார், நடப்புக் கணக்கு எண். எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் யாருக்கு எழுதினார், எப்போது நினைவூட்டினார் எல்லாம் அந்த வரியில் இருக்க வேண்டும். பட்டா மாறுதலுக்கு நடையாய் நடந்து ஓய்ந்துபோன ஒரு பெரியம்மாவுக்கு நான் எழுதித்தந்த மனுவில் ஏன் என்ற சொல்லே கிடையாது. "எனது இன்ன தேதியிட்ட விண்ணப்பம் ஏறியுள்ள தன் பதிவேட்டுப் பக்கத்தின் நகல், இன்றுவரை அந்த விண்ணப்பம் எந்தெந்த அலுவலரிடம் எத்தனை நாள் இருந்தது என்பதைக் காட்டும் பதிவுகளின் நகல்." மனு போய்ச் சேர்ந்த அந்த வாரத்திலேயே சர்வேயர் வீட்டுக்கு வந்தார். நகல் வரவில்லை, பட்டா வந்தது. பெரியம்மாவுக்கு அது போதும். எனக்கு அந்தப் பக்கத்தைப் பார்க்க ஆசைதான்.

அலுவலகத்துக்குள் கோப்பு இரண்டாகத்தான் இருக்கும். வெளியிலிருந்து வந்ததும் வெளியே போவதும் நடப்புக் கோப்பு. உள்ளே பேசிக்கொள்வது குறிப்புக் கோப்பு. எழுத்தர் ஒரு குறிப்பு எழுதுவார், கண்காணிப்பாளர் கீழே ஒரு வரி சேர்ப்பார், அதிகாரி முடிவெழுதுவார். யார் சரியாகச் சொன்னார், யார் அதை மீறி மாற்றினார் என்பது அந்தக் குறிப்புத் தாளில்தான் தெரியும். 2006இல் மத்திய அரசு இந்தக் குறிப்புகளை மட்டும் சட்டத்திலிருந்து விலக்கத் திருத்தம் கொண்டுவரப் பார்த்தது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது. எதை மறைக்க முதலில் கை நீளுகிறதோ அதுதான் அசல் சரக்கு.

அந்தக் குறிப்புத் தாளின் ஓரத்தில் அதிகாரி எழுதும் ஒற்றைச் சொல் ஒன்று உண்டு: "பேசவும்." நல்ல நோக்கத்துக்கும் எழுதுவார்கள், விஷயம் சிக்கலானால் நேரில் கேட்டுத் தெளிவது வழக்கம்தான். ஆனால் கண்காணிப்பாளர் அறைக்குள் போய்த் திரும்பி வந்ததும் எழுத்தரின் குறிப்பு கிழிந்து, புதுக் குறிப்பு ஒன்று வேறு முடிவோடு ஏறும். அறைக்குள் என்ன பேசினார்கள்? எந்த மனு போட்டும் அது கிடைக்காது. இன்றைக்கு அந்த அறையின் இடத்தில் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நமது டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் 2013இல் நடத்திய வழக்கை இங்கே நினைக்க வேண்டும். மத்திய அரசின் அமைச்சரவைச் செயலராக இருந்தவர். வாய்மொழி உத்தரவின்பேரில் அதிகாரிகள் செயல்படக் கூடாது, கிடைத்த உத்தரவை எழுத்தில் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் சொன்னது. எழுதாமல் விட்டால் தகவல் உரிமைச் சட்டமே கேலிக்கூத்தாகும் என்ற கவலையும் அதற்குள் இருந்தது. தீர்ப்பு வந்து இத்தனை வருஷமான பிறகும் "பேசவும்" ஓயவில்லை.

எழுதின தாள் எத்தனை நாள் வாழும் என்று பார்ப்போம். இது யாரும் பேசாத பகுதி, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அரசாங்கக் கடிதத்தின் தலைப்பில் சில சமயம் ஓ.மு. என்றோ மூ.மு. என்றோ ப.மு. என்றோ போட்டு எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு. அந்தக் கோப்பை முடித்துக் கட்டும்போது எழுத்தர் முன்மொழிந்து அதிகாரி ஒப்புகிற ஆயுள் அது. ஓ.மு. என்று போட்டால் ஓராண்டு கழித்துக் கோப்பு அழிக்கத் தகுதி பெறும். நிரந்தரமாக வைக்க வேண்டியது பதிவறைக்குப் போகும். இந்த இரண்டெழுத்தைப் போடுகிறவர் பெரும்பாலும் வேலைப் பளுவில் மூச்சுத் திணறுகிற ஓர் இளநிலை உதவியாளர். உங்கள் நிலத் தகராறின் கோப்பு ஓ.மு.வில் முடிந்ததா ப.மு.வில் முடிந்ததா என்பதை அவர் மாலை ஐந்தரைக்குக் கட்டு கட்டும்போது தீர்மானித்திருப்பார். அவரைக் குறை சொல்லவில்லை. நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்.

பதிவறைக்குள் போயிருக்கிறீர்களா? வெளிச்சம் குறைவு, கரையான் மருந்து வாசனை, துணியில் கட்டிய கட்டுகள், கட்டின்மேல் பழுப்பேறிய அட்டையில் பசலி ஆண்டு. ஒழுங்காக வைத்திருக்கும் பதிவறை எழுத்தர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் கோப்பு வரும். இல்லாவிட்டால் "கோப்பு கண்டறிய இயலவில்லை" என்று பதில் வரும். தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவு எதை எதைத் தர மறுக்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. நாட்டின் பாதுகாப்பு, வணிக இரகசியம், புலன்விசாரணை, அமைச்சரவைக் குறிப்பு எல்லாம் உண்டு. காணாமல் போனது என்று ஒரு விதிவிலக்கு அதில் கிடையாது. 2013இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: ஒரு காலத்தில் இருந்த ஆவணம் காணவில்லை என்றால் தேட வேண்டும், விசாரணை நடத்த வேண்டும், பொறுப்பானவர் யார் என்று பார்க்க வேண்டும், காணவில்லை என்ற ஒரு வரியில் கைகழுவ முடியாது. உங்கள் மேல்முறையீட்டில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். காணாமல் போன கோப்புகள் திரும்பி வருவதுண்டு.

ஆவணத்தை அழித்தால் சிறைத்தண்டனை வரை போகக்கூடிய பொது ஆவணச் சட்டம் 1993இல் வந்தது. ஆனால் அது மத்திய அரசுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும். மகாராஷ்டிரம், கர்நாடகம் போன்ற மாநிலங்கள் தங்களுக்கென்று தனிச் சட்டம் போட்டுக்கொண்டன. தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு ஆவணங்களை அட்டவணையிட்டு ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும் என்கிறது. எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

பக்கத்திலுள்ள இலங்கையைப் பாருங்கள். 2016இல் அவர்கள் இயற்றிய 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம்மைப் பார்த்துக் கற்றது. கற்றதோடு நில்லாமல் ஒரு படி தாண்டியது. சட்டம் வந்தபோது கைவசம் இருந்த பதிவேடுகளைக் குறைந்தது 10 ஆண்டும், புதிதாக உருவாகும் பதிவேடுகளை 12 ஆண்டும் பாதுகாக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். போரில் காணிகளை இழந்தும், பிள்ளைகளைக் காணாமலும் கந்தோர் கந்தோராக அலைகிற தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற நாட்டில் இந்த வாசகத்தின் கனம் வேறு. அழித்துவிட்டோம் என்ற பதிலைச் சட்டம் அங்கே முன்கூட்டியே அடைக்கப் பார்க்கிறது. நடைமுறையில் எவ்வளவு கிடைக்கிறது என்பது அங்குள்ள நண்பர்கள் சொல்ல வேண்டிய கதை.

இந்த உரிமையின் மூத்த வீடு சுவீடன். 1766இலேயே சட்டம் போட்டவர்கள். அதற்காகப் போராடியவர்களில் முக்கியமானவர் ஆண்டர்ஸ் சுதேனியஸ் என்ற பாதிரியார், அன்று சுவீடனோடு சேர்ந்திருந்த ஃபின்லாந்துக்காரர். அந்த நாட்டில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு. அலுவலகத்துக்கு வருகிற ஆவணங்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், அந்தப் பதிவேட்டையே எவரும் பார்க்கலாம். நம் எழுத்தரின் தன் பதிவேட்டை வரவேற்பு மேசையில் வைத்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எந்தத் தாள் இருக்கிறது என்று தெரிந்தால்தானே அதைக் கேட்க முடியும்?

நம் பக்கம் கதவு எந்தத் திசையில் நகர்கிறது என்பதைச் சொல்லாமல் இறங்கக் கூடாது. 2008இல் தமிழ்நாடு அரசு லஞ்ச ஒழிப்புத் துறையைத் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கி ஆணை போட்டது. உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கென்று சட்டம் விட்டுவைத்த சந்து அது. அந்தச் சந்திலேயே ஊழல் குற்றச்சாட்டு பற்றிய தகவலை மறுக்கக் கூடாது என்று ஒரு வாசகமும் இருக்கிறது. லஞ்ச ஒழிப்புத் துறையிடம் வேறு எந்தத் தகவல்தான் இருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. 2019 திருத்தத்தில் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் நிர்ணயிக்கும் அதிகாரம் மத்திய அரசின் கைக்குப் போனது. ஐந்தாண்டாக இருந்த பதவிக்காலம் விதிகளின் மூலம் மூன்றாண்டானது. நாடு முழுவதும் ஆணையங்களில் தேங்கிக் கிடக்கும் மேல்முறையீடுகளும் புகார்களும் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டன. 2010இல் புனே அருகே சதீஷ் ஷெட்டி காலை நடைப்பயிற்சியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உயர் நீதிமன்றத்தின் எதிரிலேயே அமித் ஜேட்வா சுடப்பட்டார். இருவரும் தாளைக் கேட்டவர்கள்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) முன்பு சொன்னது இது: பொதுப் பணிக்குச் சம்பந்தமில்லாத, ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றி மூக்கை நுழைக்கிற தகவலை மறுக்கலாம், ஆனால் பொதுநலன் பெரிதென்றால் தரலாம், நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாததை எந்த மனிதருக்கும் மறுக்கக் கூடாது. இந்த நிதானமெல்லாம் நீக்கப்பட்டு, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருங்கிவிட்டது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் அமலுக்கும் வந்தது. பொதுநலன் பெரிதானால் தரலாம் என்ற 8(2) இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அரசுத் தரப்பில் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் முன்பு மறுக்கிறவர் காரணம் காட்ட வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சுமை கேட்கிறவர் தலைக்கு மாறியிருக்கிறது. மஸ்டர் ரோல் என்பது என்ன? ஆட்களின் பெயர், தகப்பன் பெயர், நாள், கூலி. அத்தனையும் தனிநபர் தகவல். கோட் கிரானாவில் மைக்கில் வாசித்த அந்தத் தாளை இன்றைக்கு மனுப் போட்டுக் கேட்டால் மறுத்து எழுத ஒரு வாசகம் தயாராக இருக்கிறது.

என் பழைய சகாக்கள் இங்கே சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. ஒரே ஆள் நூறு மனு போடுகிறான், ஒப்பந்ததாரரை மிரட்டிக் காசு பார்க்க நகல் வாங்குகிறான், இருக்கிற வேலையைப் பார்ப்பதா இதற்குப் பதில் எழுதுவதா என்பது அவர்கள் கட்சி. இருக்கிறது, மறுக்கவில்லை. அப்படிப்பட்டவர்களை எனக்கும் தெரியும், அவர்களுக்கு மனு எழுதித்தர மறுத்திருக்கிறேன். ஆனால் மிரட்டுகிறவனுக்கு விலை எங்கிருந்து வருகிறது? மற்றவன் கையில் இல்லாத நகல் அவன் கையில் இருப்பதால். அந்த எம் புக் எல்லோருக்கும் தெரியும்படி வெளியே கிடந்தால் அதைக் காட்டி எவனை மிரட்டுவது? நான்காம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. கேட்காமலேயே வெளியிட 17 வகைத் தகவல்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. ராஜஸ்தான் 2019இல் ஜன் சூச்னா என்ற இணையவாசலைத் திறந்து ரேஷன் முதல் ஊராட்சி வேலை வரை விவரங்களைப் போட்டது. நம் மாநிலத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேட்டை வீட்டிலிருந்தே பார்க்கிறோம். அந்த விஷயத்தில் மனு போடுகிற வேலையே குறைந்துவிட்டது. தாசில்தார் அலுவலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு வேலை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். இலங்கைச் சட்டத்தில் உள்ளதுபோல, எந்த ஆவணம் எத்தனை ஆண்டு இருக்க வேண்டும் என்பது எழுத்தர் போடும் இரண்டெழுத்தைப் பொறுத்திராமல் நம் மாநிலச் சட்டத்திலேயே இருக்க வேண்டும்; அதைச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும். அது வரும்போது வரட்டும். அதற்குள், ஆவணத்தை நேரில் பார்வையிடும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. கோப்புகளை அழிக்கும் முன் பட்டியல் எழுதி மேலதிகாரியிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது அலுவலக நடைமுறை. உங்கள் ஊர் அலுவலகத்தில் கடந்த ஐந்தாண்டில் அழித்த கோப்புகளின் பட்டியலைப் பார்வையிட வேண்டும் என்று ஒரு மனு போடுங்கள். உங்கள் தெருவோ, ஏரியோ, பள்ளிக்கூடமோ அந்தப் பட்டியலில் எங்கேயாவது வருகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். வந்தால் அந்தப் பக்கத்தை நகல் கேளுங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.